உச்சிக்கல்லில் ஒன்பது இலக்கம்

பாறைக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு கரும்பாறை உண்டு. அதில் சாமி இல்லை. எந்த ராஜாவின் பெயரும் இல்லை. அடிமுதல் மேல்வரை எண்கள் மட்டுமே வெட்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். பாறையடியில் இருந்த கணக்குச் சாலை என்ற பள்ளிக்கூடத்துக்காரர்கள் அதைத் தடுப்பதில்லை. கும்பிடத் தகுந்த எண்கள்தான் என்பது அவர்கள் நினைப்பு.

எல்லாம் பகா எண்கள். எத்தனை பேருக்குச் சமமாகப் பங்கு போட்டாலும் மீதி விழும் எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வகுபடாதவை. சாலையில் அவற்றை ‘உடையாத எண்’ என்பார்கள். ஒரு பெரிய எண் உடையாது என்று காட்டியவரின் பெயரை அதன் பக்கத்திலேயே வெட்டுவது வழக்கம்.

அப்படி நூற்றுப் பதினாறு எண்கள் இருந்தன. உச்சியில் ஒரு கல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஒன்பது இலக்கத்தில் ஓர் எண் கிடைத்தால் அங்கே வெட்டுங்கள் என்று சாலையைத் தொடங்கியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு தூரம் போக அதன்பின் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

எண்களை வெட்டும் வேலை குழந்தைவேல் ஆசாரியுடையது. பதினெட்டு வருஷம் தலை நிமிராமல் வெட்டினார். அவருக்கு ஐம்பது வயதானபோது, ஒருநாள் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சாலையின் குருவிடம் போனார். குருவுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அமுதவல்லி என்று பெயர்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க ஆசாரியாரே.”

“ஊர்ப்பட்ட பேரை வெட்டிட்டேன். இந்த எண்ணெல்லாம் உடையாதுன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அமுதவல்லி அவரோடு வெட்டுமிடத்துக்கு வந்தாள். அவர் உளிக்கடியில் சிதறிக்கிடந்த கல்சில்லுகளில் முப்பத்தொன்றை எண்ணிப் பொறுக்கினாள். அவர் துண்டில் போட்டாள்.

“சமமாப் பங்கு போட்டுக் கொண்டாங்க.”

இரண்டு நாள் கழித்து ஆசாரி வந்தார்.

“பங்கு ஆகாதும்மா.”

“எப்படித் தெரியும்?”

“ரெண்டு பேரைக் கேட்டேன், மூணு பேரைக் கேட்டேன், அஞ்சு பேரைக் கேட்டேன். எல்லாரும் ஒரு கல்லை மிச்சம் வச்சுட்டாங்க.”

“நாலு பேரை?”

“ரெண்டு பேரே முடியாதுன்னுட்டாங்க. நாலு பேர் எங்கே முடியும்னு சொல்லப்போறாங்க?”

“சரி. ஏழு பேரை?”

“எதுக்கும்மா? ஏழு பேரு வந்தா ஆளுக்கு அஞ்சு கல்லுகூடத் தேறாது. அஞ்சுக்குக் கீழதான் வரும். அஞ்சுக்குக் கீழ உள்ளவங்களைத்தான் ஏற்கெனவே கேட்டாச்சே.”

 சாலையில் இதைச் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் ஆகும். அமுதவல்லி எழுந்து உள்ளே போய் மணல்பலகை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து ஆசாரி பகலில் வெட்டுவார், மாலையில் வகுப்பார். குருவைவிட இருபத்திரண்டு வயது மூத்த சிஷ்யர். அதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை. மற்றவர்களுக்கு இருந்தது. சிஷ்யர் தங்களைவிடக் கெட்டிக்காரர் என்பதுதான் அந்தச் சங்கடம்.

முப்பத்தொன்றில் தொடங்கியவர் முப்பத்தொன்றை விடவில்லை. அதன் முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்தார். முந்நூற்று முப்பத்தொன்று. கேட்க வேண்டியவர்களையெல்லாம் கேட்டார். உடையவில்லை. இன்னொரு மூன்றைச் சேர்த்தார். அதுவும் உடையவில்லை.

“ஏன் முன்னாலேயே சேர்க்கறீங்க?” என்று அமுதவல்லி ஒருநாள் கேட்டாள்.

“இடப்பக்கம் கல்லு சும்மா கிடந்துச்சும்மா.”

மூன்றுகள் ஏறிக்கொண்டே போயின. 31, 331, 3331, 33331 என்று வரிசையாக நின்றன. எட்டு இலக்கம் உள்ள 3,33,33,331 மட்டும் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் விழுந்த மீதியை ஓலையில் எழுதினார். சாலை வழக்கப்படி இரண்டு பேர் அந்த ஓலைகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மீதிகூடப் பிசகவில்லை.

ஏழு எண்கள். ஏழும் உடையாதவை.

“இதுக்கு ஒரு பேரு வெட்டிக்கலாமே, ஆசாரியாரே,” என்றாள் அமுதவல்லி.

“வேண்டாம்மா. எட்டாவதோட சேர்த்து மேல வெட்டிக்கறேன்.”

“எட்டாவது நிக்கும்னு என்ன நிச்சயம்?”

“ஏழு நின்னுச்சே.”

“ஏழு நின்னா எட்டு நிக்கும்னு விதி இருக்கா?”

“விதி இல்லை. ஆனா என் கைக்குத் தெரியும்.”

அதைச் சொன்னபோது அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அமுதவல்லி கண்டிக்கவில்லை. கண்டித்திருக்கலாம். ஆனால் தன் சிஷ்யர் தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கும் பிடித்திருந்தது.

எட்டாவது எண் 33,33,33,331. முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூன்றாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. அதைக் கேட்ட கோயில் குருக்கள் திகைத்துவிட்டார். “முப்பத்து முக்கோடி தேவர்களையும் உட்கார வச்சிட்டு, மேல இன்னும் கூட்டம் நிக்குதே,” என்றார். அன்று முதல் அவர் பாறைக்கும் ஒரு முழம் பூ வைத்தார்.

இந்த எண்ணுக்குக் கேட்க வேண்டியவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆசாரிக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. அதனால் பெரிய எண்களிலிருந்து இறங்கிவரத் தீர்மானித்தார். கஷ்டமானவர்களைக் கண் இருக்கும்போதே கேட்டுவிடலாம், சின்னவர்களைக் கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்கலாம் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான்.

நான்கு வருஷம் ஆயிற்று. பதினெட்டாயிரத்தில் இருந்தவர்கள் மீதி வைத்தார்கள். பத்தாயிரத்தில் இருந்தவர்கள் மீதி வைத்தார்கள். ஆயிரத்திலும் அப்படியே. சரிபார்க்கும் இருவரும் வந்த ஓலைகளை அப்போதைக்கப்போதே போட்டுப் பார்த்து முடித்தார்கள். நூற்றொன்றும் மீதி வைத்த அன்று ஆசாரி ஓலையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து குருவிடம் போனார்.

“நின்னுடுச்சும்மா.”

அமுதவல்லி எழுந்தே நின்றுவிட்டாள். ஒன்பது இலக்கம். தன் காலத்தில், தன் சிஷ்யர். அவள் ஊருக்குச் சொல்லி அனுப்பினாள். உச்சிக்கல்லில் எண் வெட்ட நாள் குறித்தார்கள். ஊர்ப் பெரிய வீட்டு ராமலிங்கம் சாப்பாட்டுச் செலவு தன்னுடையது என்று முந்திக்கொண்டார். ஊரில் யாருக்கும் வகுத்தல் தெரியாது. ஆனாலும் தங்கள் ஊர்ப் பாறையில் தேவர்களைவிடப் பெரிய எண் ஏறப்போகிறது என்பதில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

குறித்த நாள் காலையில் ஆசாரி குளித்துவிட்டு உச்சிக்குப் போனார். கல்லைத் துடைத்து, காவியில் கோடு போட்டு, எட்டு வரிகளுக்கு இடம் பிரித்தார். எட்டாவது வரிக்கு அருகில் ஒரு பெயருக்கு இடம் விட்டார். முப்பது வருஷமாக மற்றவர்கள் பெயருக்கு அளந்த கை, அன்று தன் பெயருக்கு இரண்டு தடவை அளந்தது.

கீழே அமுதவல்லி ஓலைக்கட்டுகளை வரிசைப்படுத்திக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். அதைக் குருவே செய்ய வேண்டும் என்பது வழக்கம். இரண்டில் தொடங்கிக் கட்ட வேண்டும். முதல் கட்டைத் தேடினாள். இருந்த கட்டுகளில் சின்னது நூற்றொன்றில் தொடங்கியது.

அவள் உச்சிக்கு ஏறினாள்.

“நூறுக்குக் கீழ உள்ளவங்க ஓலை எங்கே, ஆசாரியாரே?”

“எழுதலைம்மா.”

“கேட்டீங்களா?”

“இவனுங்களை ஏழு தடவை கேட்டாச்சே. ரெண்டு, மூணு, அஞ்சுல ஆரம்பிச்சு, ஏழு தடவையும் தோத்துப் போனவங்க. எட்டாவது தடவை என்னத்தைக் கிழிக்கப் போறாங்க?”

அமுதவல்லி கையோடு கொண்டுவந்திருந்த மணல்பலகையை எடுத்தாள்.

“என் கணக்குமேல சந்தேகமாம்மா?” ஆசாரியின் குரல் கொஞ்சம் கடுத்தது.

“சந்தேகம் இல்லை. ஓலை இல்லை.”

தன் மணல்பலகையையும் ஓர் ஓலையையும் எழுத்தாணியையும் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நூறுக்குக் கீழே இருபத்தைந்து பகா எண்கள். ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டுக்கு மீதி ஒன்று. மூன்றுக்கு ஒன்று. ஐந்துக்கு ஒன்று. இதற்கு மணல்கூட வேண்டியதில்லை. ஏழுக்கு இரண்டு. பதினொன்றுக்கு ஒன்று. பதின்மூன்றுக்கு ஆறு. ஒவ்வொன்றையும் சுருக்கென்று எழுதினார். கீழே சாம்பார் மணம் வந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு.

முப்பத்து மூன்றில் ஒரு தடவை, மீதி பதினாறு. நூற்று அறுபத்து மூன்றில் ஒன்பது, மீதி பத்து. நூற்று மூன்றில் ஆறு, மீதி ஒன்று. பதின்மூன்றில் போகாது. நூற்று முப்பத்து மூன்றில் ஏழு, மீதி பதினான்கு. நூற்று நாற்பத்து மூன்றில் எட்டு, மீதி ஏழு. எழுபத்து மூன்றில் நான்கு, மீதி ஐந்து.

கடைசியில் ஒன்றை இறக்கினார். ஐம்பத்தொன்று.

பதினேழு மூன்று ஐம்பத்தொன்று.

ஆசாரி மணலை அழித்தார். திரும்பப் போட்டார். ஐம்பத்தொன்று. மறுபடி அழித்துவிட்டு, இந்தத் தடவை வேறு வழியில் பார்த்தார். கிடைத்த ஈவான 1,96,07,843 என்பதைப் பதினேழால் பெருக்கினார். கீழிருந்து இலக்கங்கள் ஏறின. முதலில் ஒன்று. அப்புறம் மூன்று, மூன்று, மூன்று. எட்டு மூன்றும் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றன.

நான்கு வருஷம். இரண்டாயிரம் பேர். கேட்டிருந்தால் முதல் நாள் மாலையிலேயே, விளக்கு ஏற்றுவதற்குள் முடிந்திருக்கும்.

ஓலையில் பதினேழுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. மீதி என்று ஏதாவது ஓர் எண்ணைப் போட்டால் போதும். சின்னவர்கள் ஓலையை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கப் போவதில்லை. அதற்கு இனி நேரமும் இல்லை. ஆசாரி எழுத்தாணியை ‘ஒன்று’ என்ற எண்ணத்தோடுதான் ஓலையில் வைத்தார். இதை மறைப்பதில் பயனில்லை. அறுபத்திரண்டு வயது. கண் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொரு ஒன்பது இலக்க எண்ணுக்கு ஆயுள் இல்லை. பெயருக்கு அளந்துவிட்ட இடம் பக்கத்திலேயே காவிக் கோட்டுக்குள் காத்திருந்தது.

எழுத்தாணி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு எழுதினார்.

அவர் இறங்கி வந்தபோது அமுதவல்லி பாறையடியில் தனியாக நின்றிருந்தாள். அவர் ஓலையை நீட்டினார். அவள் படித்தாள். உட்கார்ந்து, வெறும் தரையில் விரலால் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் அந்தப் பதினேழுக்கும்.”

“வேற ஏதாவது எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காது.”

“எழுதத் தோணலையா?”

“தோணாம என்னம்மா. எழுத்தாணியே வச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“முப்பது வருஷமா இந்தப் பாறையில நான் பொய் வெட்டினதில்லை. அடுத்தவன் பேருக்கே வெட்டாத பொய்யை என் பேருக்கு வெட்டறதா? நான் அவ்வளவு சாதாரணமான ஆளு இல்லம்மா.”

சொல்லிவிட்டு அவர் தலை குனியவில்லை. கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

“தப்பு எனக்கும் உண்டு,” என்றாள் அமுதவல்லி. “நாலு வருஷமா நானும் அந்த ஓலையைக் கேட்கலை. என் சிஷ்யர் கணக்கு தப்பாதுன்னு ஒரு கர்வம்.”

“இனிமே அது வேண்டாம்மா.”

“இப்பத்தான் அதிகமாயிருக்கு,” என்றாள் அவள்.

அவள் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஆசாரி பாறை ஓரத்திலேயே நின்றுகொண்டார். நாதஸ்வரம் நின்றது.

“முப்பத்து மூணு கோடியே முப்பத்து மூணு லட்சத்து முப்பத்து மூணாயிரத்து முந்நூத்து முப்பத்தொண்ணு,” என்றாள் நிதானமாக. “அது உடைஞ்சிடுச்சு. என் சிஷ்யர் குழந்தைவேல் ஆசாரி இன்னிக்குக் காலையில உடைச்சுட்டார். பதினேழு பேருக்குச் சமமாப் பங்கு போகும். ஆளுக்கு ஒரு கோடியே தொண்ணூத்தாறு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூத்து நாப்பத்து மூணு. மீதி ஒண்ணும் இல்லை.”

பெண் பிறந்திருக்கிறது, பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். கூட்டத்துக்கு இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று விளங்கவில்லை. குருக்கள் தன் கையில் இருந்த மாலையைப் பார்த்தார். ராமலிங்கம் தொண்டையைக் கனைத்தார்.

“அப்போ சாப்பாடு?”

“சாப்பாட்டை யாரும் உடைக்கலையே. இலை போடுங்க.”

ராமலிங்கத்துக்கு அது போதும். பந்தி தொடங்கியது. ஊர் நன்றாகவே சாப்பிட்டது.

எல்லோரும் இலையில் உட்கார்ந்த பிறகு ஆசாரி ஈரத்துணியோடு உச்சிக்கு ஏறினார். பின்னாலேயே அமுதவல்லியும் ஏறி வந்தாள்.

“கோட்டை அழிச்சுடறேம்மா. காவி காஞ்சா போகாது.”

“அழிக்க வேண்டாம். வெட்டுங்க.”

“எதை?”

“ஏழு வரியையும் போட்ட மாதிரியே வெட்டுங்க. எட்டாவதை, உங்க ஓலையில எழுதியிருக்கற மாதிரி வெட்டுங்க. பதினேழு, ஈவு, மீதி பூஜ்யம். பக்கத்துல உங்க பேரு.”

ஆசாரி துணியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார்.

“இது உச்சிக்கல்லும்மா. உடையாத எண்ணுக்குன்னு விட்டு வச்சிருக்கற கல்லு.”

“ஆமா.”

“கீழ நூத்திப் பதினாறு எண்ணு இருக்கு. எல்லாம் என் கையால வெட்டினதும், எனக்கு முன்னால இருந்தவங்க வெட்டினதும். ஒண்ணாவது உடைஞ்சது உண்டா?”

“இல்லை.”

“அப்புறம் இதைப் போயி எதுக்கும்மா எல்லாத்துக்கும் மேல வைக்கணும்?”

அமுதவல்லி அவர் கையிலிருந்து ஈரத்துணியை வாங்கிக்கொண்டாள். உளியை எடுத்துக் கொடுத்தாள்.

“இது மேல இருந்தாத்தான், ஆசாரியாரே, கீழ இருக்கற நூத்திப் பதினாறையும் நாளைக்கு வர்றவங்க நம்புவாங்க.”